ஒலிபெருக்கியில் என் குரல்

லண்டனின் டூட்டிங் பகுதியில் என் வீட்டுச் சமையலறையில் வானொலி கேட்டுக்கொண்டிருந்தேன். கலிபோர்னியப் பழங்குடியினரின் கருக் மொழியில் ஒரு மூதாட்டி பேசிய பழைய ஒலிப்பதிவு. தனிமையையும் வீட்டு ஏக்கத்தையும் சொல்கிறார் என்றார் அறிவிப்பாளர். ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் அந்தக் குரல் நடுங்கியபோது, சிறுவயதில் ஒரு ரயில் நிலையத்தில் நான் அழுத குரல் நினைவுக்கு வந்தது.

அப்போது எனக்கு ஆறு வயது. போருக்குத் தப்பி யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு வந்த புதிது. சுரங்க ரயிலிலிருந்து நான் முதலில் இறங்கினேன். அம்மா இறங்குமுன் கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்குப் பின்னால் அவர் வாய் அசைந்தது, சத்தம் கேட்கவில்லை. ரயில் இருட்டுக்குள் போனதும் இரும்பு மணக்கும் சூடான காற்று முகத்தில் அடித்தது. நீளக் கோட்டுகள் என்னை இடித்துக்கொண்டு போயின.

நிலையப் பணிப்பெண் ஒருவர் குனிந்து ஏதோ கேட்டார்.

"எனக்கு அந்தரமாக் கிடக்கு. வீட்டை போகோணும்" என்று அழுதேன். மனம் கிடந்து தவிப்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே சொல் 'அந்தரம்'தான்.

என் மொழி தெரிந்த யாராவது வரட்டும் என்று நினைத்தாரோ, என்னைத் தூக்கி ஒலிபெருக்கியில் பேச வைத்தார். என் குரலே பூதம்போல நிலையமெங்கும் முழங்கியது. இன்னும் பயந்து அலறினேன்.

அடுத்த நிலையத்திலிருந்து திரும்பி வந்த அம்மா அதைக் கேட்டு ஓடிவந்து என்னை அணைத்தார்.

"அழாதையடி. வா, வீட்டை போவம்."

"அந்த வீடு வேண்டாம். யாழ்ப்பாணத்தில எங்கட வீட்டை போவம்."

அம்மா என்னை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"எனக்கும் அந்தரமாத்தான் கிடக்கு, பிள்ளை."

அம்மாவுக்கும் அங்கே போக வழியில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.