கரீம் பாய் வெயிலுக்கு ஒளிந்த மூன்று மாதம்

செவ்வாய்க்கிழமை இரண்டாம் ஷிப்டுக்கு நுழையும்போது கேட்டில் இருந்த செக்யூரிட்டி, "கரீம் பாய் காலையில தவறிட்டாராம். பாகலூர்ல அவர் வீட்டுலருந்து போன் வந்துச்சு" என்றார். நான் அட்டையைப் பஞ்ச் செய்துவிட்டு, அதன் பிறகே வெளியே ஓடினேன். என் புத்தி எப்போதும் அந்த வரிசையில்தான் வேலை செய்யும்.

ஓசூரில் எங்கள் தொழிற்சாலையில், சுவிட்சுகளின் பித்தளைத் துண்டுகளுக்கு வெள்ளி முலாம் பூசும் பிரிவுக்கு அவர் பொறுப்பாளர். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் திட்டத் தெரிந்தவர். மூன்றிலும் யாரையும் நோகடித்ததில்லை. நான் சேர்ந்த முதல் வாரம், வெள்ளி நைட்ரேட் பாட்டிலில் சுற்றியிருந்த கறுப்புத் தாள் அழுக்காக இருக்கிறதே என்று உரித்துவிட்டு, பாட்டிலை ஜன்னலோரம் வைத்தேன். "வெளிச்சம் பட்டா உள்ள இருக்கறது கெட்டுப்போயிடும் சுந்தரம். உன்ன மாதிரி எல்லாமே வெயில்ல நின்னாலும் அப்படியே இருக்குமா?" என்றார். புதுத் தாளை அவரே சுற்றினார்.

சென்ற ஆண்டு அவருக்குத் தொண்டையில் புற்றுநோய் கண்டது. கதிர்வீச்சுச் சிகிச்சைக்குப் பெங்களூர் போய்வந்தார். என் மகள் கலா ஆராய்ச்சி செய்வதும் அந்த ஊரில்தான். உலோக அணுவைச் சுற்றி வேறு மூலக்கூறுகளைக் கட்டி ஒரு பொருள் செய்கிறார்கள். அது இருட்டில் சும்மா கிடக்கும், ஒளி பட்டால் விழித்துப் புற்றுச் செல்லைக் கொல்லும். அவள் சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவே. பத்தாம் வகுப்புப் படித்த அப்பனுக்குப் பெருமையடிக்க அது தாராளம். கேன்டீனில் பாயிடம், "மருந்த முழுங்கிட்டு தொண்டையில டார்ச் அடிச்சா போதும் பாய். மூணு மாசத்துல வந்துரும்" என்றேன்.

அவர் நம்பினார். உலோகமும் ஒளியும் அவர் அன்றாடம் புழங்கிய சமாச்சாரம். அதன்பின் பகலில் கறுப்புக் குடை இல்லாமல் அவரைப் பார்க்க முடியவில்லை. கேட்டதற்கு, "மருந்து வர்றதுக்குள்ள உடம்ப இருட்டுக்குப் பழக்கறன்" என்றார். நான் சிரித்தேன். பெங்களூர் போவதை நிறுத்திவிட்டார் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

விடுமுறைக்குக் கலா வந்ததும், மூக்கண்டப்பள்ளியில் என் வீட்டுக்குப் பாய் குடையோடு வந்தார். சிகிச்சையை நிறுத்திவிட்டு அந்த மருந்துக்காகக் காத்திருப்பதாக அவர் சொன்னதும் கலாவின் முகம் வெளுத்துவிட்டது.

"மாமா, இது இன்னும் கண்ணாடித் தட்டுல வளக்கற செல்லுல மட்டும்தான். மனுசங்களுக்கு எப்ப வரும்னு தெரியாது, வராமலும் போகலாம். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. டார்ச்சுன்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நானா நெனச்சுக்கிட்டன்மா" என்றார் பாய். செருப்பை மாட்டும்போது, "நல்ல வேல. விட்றாத. அந்தத் தட்டுக்கு ஒழுங்கா கறுப்புத் தாள் சுத்து" என்றார்.

மறுநாள் நானும் அவரோடு பஸ் ஏறினேன். இடைப்பட்ட மாதங்களில் கட்டி பெரிதாகிவிட்டது என்று டாக்டர் சொன்னபோது, பாய் என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்காகத்தான் திரும்பாமல் இருந்தார். சில வாரங்களில் அவர் குரலும் போய்விட்டது.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாலையே பாகலூரில் அடக்கம். புறப்படும்போது அவர் மனைவி, "வெயிலா இருக்குதுண்ணே" என்று அந்தக் குடையை என்னிடம் கொடுத்தார். கபர்ஸ்தானில் மண் தள்ளி முடிகிறவரை அதை மடித்தே வைத்திருந்தேன். வெயில் நேராக அவர் மண்மேட்டின் மீது விழுந்தது.

கலாவுக்கு இன்னும் சொல்லவில்லை. நான் எழுதும் இதைப் படித்துத் தெரிந்துகொள்வாள். போய் வாருங்கள் பாய். டார்ச் என்று சொன்னது நான்தான்.