நோவு எனக்கு, வேலை அவளுக்கு

என் நாத்தனாரின் கையைப் பார்த்துப் பொறாமைப்பட்டது போல வேறு எதற்கும் நான் பொறாமைப்பட்டதில்லை. அடுத்தவள் நகையோ சேலையோ என்னை ஒன்றும் செய்யாது. ஆனால் காலையில் எழுந்ததும் அவள் கூந்தலை உதறி, ஒரே சுழற்றில் கொண்டை போடுவாளே, அதைப் பார்த்தால் வயிறு எரியும். என் புருஷனின் தங்கை. என்னை விடச் சின்னவள். என்னோடு ஒரே வீட்டில் இருந்து, ஒரே தட்டில் சோறு தின்றவள். அதனாலேயே கூடுதலாக எரிந்தது.

நாங்கள் இரண்டு பேரும் போடியில் ஓர் ஏலக்காய்க் கிட்டங்கியில் காய் பொறுக்கினோம். மலையிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கும் மூட்டைகளைப் பிரித்துத் தரையில் குவித்திருப்பார்கள். பெண்கள் குவியலைச் சுற்றி உட்கார்ந்து, காயைச் சொளகு என்கிற முறத்தில் அள்ளிப் போட்டு, பச்சை மாறாத பெரிய காய் தனி, வெளுத்தது தனி, வெடித்தது தனி என்று பிரிக்க வேண்டும். நிறம் பார்க்க வெளிச்சம் வேண்டும். கூரையில் ஒரு கண்ணாடி ஓடு பதித்திருந்தார்கள். அதற்கு நேர் கீழே இருக்கும் இடம், யாருக்குக் கை வேகமோ அவளுக்கு. கல்யாணமாகி வந்த கொஞ்ச நாளிலேயே அந்த இடத்தைப் பிடித்துவிட்டேன். நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு போய் வேலைக்குச் சேர்த்ததும் நான்தான். இரண்டு விரலுக்கு நடுவே காயை உருட்டி, பருப்பு நிறைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை.

எழுபதுகளின் கடைசியில், இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு, என் கையில் நோவு வந்தது. விடியும்போது விரல்கள் மடங்கியபடியே கிடக்கும். கணுக்கள் பணியாரம் போல உப்பியிருக்கும். ரவிக்கைக் கொக்கியைக்கூட நாத்தனார்தான் மாட்டிவிடுவாள். பிள்ளை பெற்ற உடம்பில் வாயு ஏறிவிட்டது என்றார்கள். பிரண்டைத் துவையல் தின்றேன். நொச்சி இலையை வதக்கி ஒத்தடம் கொடுத்தேன். வெயில் ஏறின பிறகு விரல் கொஞ்சம் இளகும். அதற்குள் கிட்டங்கியில் பாதிச் சோலி முடிந்திருக்கும்.

ஒருநாள் கணக்குப்பிள்ளை என் சொளகைப் பார்த்தார். வெளுத்த காயும் பச்சைக் காயும் கலந்து கிடந்தன.

"ஏத்தா, நீ செத்த ஓரமா உக்காரு. அந்தப் புள்ள இங்கன வரட்டும்" என்று நாத்தனாரைக் கைகாட்டினார்.

அவள் என்னைப் பார்த்து "மதினி?" என்றாள்.

"போத்தா, கூப்புடுறாகல்ல" என்றேன்.

போய்விட்டாள். நான் சொன்னால் உடனே போய்விடுவதா? ஒரு தடவையாவது மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம் அல்லவா? கண்ணாடி ஓட்டு வெளிச்சம் அவள் தலையில் விழுந்தது. ஓரத்து இருட்டில் உட்கார்ந்து நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதோடு போகவில்லை. அந்த வாரத்துக் காய் ஏலம் விட்டு முடிந்ததும் கணக்குப்பிள்ளை என் புருஷனைக் கூப்பிட்டு, கை சரியாகும் வரை நான் வீட்டில் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். கிட்டங்கியில் ஒருமுறை எழுந்தவளுக்கு இடம் திரும்பக் கிடைக்காது. இது போடியில் எல்லாருக்கும் தெரியும். மலையேறிப் போய் எஸ்டேட்டில் வேலை பார்க்க என் முட்டிக்கு ஆகாது. வேறு தொழிலும் தெரியாது. எனக்கு அந்த வேலை வேண்டும். அதை விட்டுக் கொடுத்துவிட்டு, நாத்தனார் கொண்டு வரும் அரிசியைக் களைந்து உலை வைத்துக்கொண்டு கிடக்க நான் தயாராக இல்லை.

மதுரை ஆஸ்பத்திரிக்கு ரயிலேறினோம். கொக்கி மாட்ட ஆள் வேண்டுமே, நாத்தனாரும் கூட வந்தாள். முடக்குவாதம் என்றார் டாக்டர். தங்கச் சத்து கலந்த மருந்து, தங்க ஊசி போட வேண்டும் என்றார். அதைக் கேட்டுவிட்டு என் புருஷன், "அப்ப அவசரத்துக்கு உன்னைய அடகு வைக்கலாம்" என்று பின்னால் ரொம்ப நாள் கேலி செய்தார். வேலையை விட்டுவிடும்மா என்று சொல்லிவிட்டு, மெழுகு ரூமுக்கும் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார் டாக்டர்.

அந்த அறையில் ஒரு தகரத் தொட்டியில் மெழுகு உருகிக் கிடந்தது. கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் என் கையை அதில் முக்கி எடுத்து, மறுபடி முக்கி, துணியில் சுற்றி வைத்தார். உரித்து எடுத்தபோது விரல்கள் அசைந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. தான் டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்ட் என்றார். எங்கள் வாயில் அது நுழையவில்லை. மெழுகம்மா என்றே கூப்பிட்டோம்.

"என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார். வேலையை விடு என்று எல்லாரும் சொன்னார்களே தவிர, என்ன வேலை என்று அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. சொன்னேன்.

"செஞ்சு காட்டுங்க."

போடிக்காரர்கள் வெளியூருக்குப் போனால் ஒரு பிடி ஏலக்காய் கொண்டு போகாமல் இருக்க மாட்டோம். நாத்தனார் பொட்டலத்தைப் பிரித்து மேசையில் கொட்டினாள். நான் தட்டுத்தடுமாறிப் பொறுக்கினேன். மெழுகம்மா என் கட்டைவிரலையே கவனித்தார். பிறகு, "நோவு இல்லாத கை எப்படிச் செய்யுதுன்னு பாக்கணும். நீ செய்யி" என்று நாத்தனாரிடம் சொன்னார்.

அவள் செய்தாள். விரல் எங்கே போகிறது, எங்கே வருகிறது என்றே தெரியவில்லை.

"அடேயப்பா, என்னா கை!" என்று மெழுகம்மா அவள் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரயிலேறி வந்தது நான். நோவு எனக்கு. பாராட்டு அவளுக்கு.

அப்புறம் எனக்குச் சொன்னார். காயைக் கிள்ளி எடுக்கக் கூடாது, உள்ளங்கை ஓரத்தால் தள்ள வேண்டும். சொளகைச் சுழற்றிப் புடைப்பது மணிக்கட்டுக்கு ஆகாது. சல்லடையை விட்டத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டு முழங்கையால் ஆட்டலாம். தரையில் குத்தவைக்கக் கூடாது, ஸ்டூல் போட்டு உட்கார வேண்டும். விரல் இளகின பிறகு வேலைக்குப் போனால் போதும். காலையில் செய்ய வேண்டிய பயிற்சியை மட்டும் என்னிடம் சொல்லாமல் நாத்தனாரிடம் சொல்லிக் கொடுத்தார். அவள் என் விரல்களைப் பிடித்து ஒவ்வொன்றாக நீட்டிப் பார்த்துக்கொண்டாள்.

கணக்குப்பிள்ளையிடம் போய் நின்றேன். "சல்லடைச் சோலியக் குடுங்கண்ணே. வெயிலேறி வர்றேன். அதுக்குத் தக்கன கூலி குடுங்க" என்றேன். அடுத்த ஏலம் வரைக்கும் பார்ப்போம் என்றார். வீட்டிலிருந்து ஒரு ஸ்டூலைக் கொண்டு போனேன்.

வினையே அங்கேதான் வந்தது. கிட்டங்கியில் காய் என்றால் லட்சுமி. அதற்கு மேலே உயரமாக உட்கார்ந்து காலைத் தொங்கப் போட யாருக்கும் மனம் வராது. கணக்குப்பிள்ளையே தரையில் சம்மணம் போட்டுத்தான் உட்கார்ந்திருப்பார். நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். என் கெட்ட நேரம், அந்த வாரம் ஏலத்தில் விலை விழுந்தது.

"லட்சுமி தலைக்கு மேல ஏறி உக்காந்தா வெல எங்கிட்டு நிக்கும்?" என்றாள் ஒருத்தி. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கணக்குப்பிள்ளை வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "இது சரிப்படாதுத்தா" என்றார். முடிந்தது என்று நினைத்தேன்.

கண்ணாடி ஓட்டுக்குக் கீழே இருந்து நாத்தனார் எழுந்தாள். "மதினி எறங்க வேணாம்ணே. காய மேல ஏத்திருவோம்" என்றாள்.

கணக்குப்பிள்ளைக்கு முதலில் புரியவில்லை. அவள் நாலு காலிப் பெட்டியை இழுத்துப் போட்டு, மேலே பலகை வைத்து, சாக்கை விரித்தாள். அதன் மேல் காயைக் குவித்தாள். குவியல் இப்போது என் நெஞ்சு உயரத்துக்கு இருந்தது. நான் உட்கார்ந்த ஸ்டூல் அதற்குத் தாழ்வாக இருந்தது. லட்சுமி மேலே, நான் கீழே. கணக்குப்பிள்ளை சுற்றி வந்து பார்த்தார். "அது சரி" என்றார்.

வேலை நிலைத்தது. மற்ற பெண்கள் என்னை மகாராணி என்றார்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையிலிருந்து எழும்போதெல்லாம் என் ஸ்டூலை முறைத்தார்கள். எனக்கு அது வெல்லமாக இனித்தது. ஆனால் யோசனை என்னுடையது இல்லையே என்று நினைத்ததும் வெல்லம் கசந்தது. நோவோடு மாசக்கணக்கில் கிடந்தவள் நான். எனக்கு ஏன் அது தோன்றவில்லை?

அடுத்த தடவை மதுரையில் இதைக் கேட்டு மெழுகம்மா கை தட்டிச் சிரித்தார். அதற்குப் பிறகு போகும்போதெல்லாம் அவர்கள் இரண்டு பேரும்தான் பேசினார்கள். மற்ற நோயாளிகளின் விரலையும் அவளிடம் பிடிக்கக் கொடுத்தார். நான் மெழுகுக் கையோடு ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒருநாள், இங்கே உதவிக்கு ஆள் எடுக்கிறார்கள், நீ வந்துவிடு என்று அவளிடம் சொல்லிவிட்டார். அரசாங்க வேலை மாதிரி வெள்ளைச் சேலை, மின்விசிறிக்குக் கீழே.

வீட்டுக்கு வந்து, மதுரைக்குப் போக அவள் துணி மடித்து வைக்கும்போதுதான் கேட்டேன். "என் நோவ வச்சு நீ சோலி வாங்கிக்கிட்டியாத்தா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நோவு ஒங்களுது மதினி. படிச்சது நானு."

"காலையில யாரு என் கையத் தெறப்பா?" இதைக் கேட்க வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. தானாக வந்துவிட்டது.

மடித்த சேலையைப் பையில் வைத்தாள். "நீங்கதேன்" என்றாள்.

போய்விட்டாள். விடிகாலையில் வெந்நீர்ச் சட்டியில் கையை விட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாக நானே நீட்டினேன். நீட்டும்போது அவளைத் திட்டுவேன். வாயில் வந்ததையெல்லாம் திட்டுவேன். திட்டு தீர்வதற்குள் விரல் திறந்துவிடும். கொக்கிக்குப் பதில் ரவிக்கையில் முன்பக்கம் நாடா தைத்துக்கொண்டேன். சில நாள் தாமதமாகும், ஆனால் போகாமல் இருக்க மாட்டேன். கண்ணாடி ஓட்டு இடம் வேறொரு பெண்ணுக்குப் போனது. அவள் மேல் எனக்குத் துளிப் பொறாமையும் வரவில்லை.

எண்பதுகளின் கடைசியில், பிள்ளைகள் வளர்ந்த பிறகு, ஊசிக்காக மறுபடி மதுரை போனேன். விரல்கள் கோணியிருந்தன, ஆனாலும் வேலையில் இருந்தேன். மெழுகு ரூம் வாசலில் வரிசை. உள்ளே நாத்தனார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள். "உக்காருங்க மதினி. முன்னால ஆளு இருக்காக" என்றாள். மதினிக்கும் வரிசைதான். அவள் கைக்குள் யாரோ ஒருத்தியின் விரல்கள் இருந்தன. கோழிக்குஞ்சைப் பிடிப்பது போலப் பிடித்திருந்தாள். அப்படித்தான் என் கையையும் பிடிப்பாள். எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷமாக அவள் கை எனக்கு இல்லையே என்று பொறாமைப்பட்டேன். அன்றைக்கு, அந்தக் கைக்குள் இருப்பது என் கை இல்லையே என்றிருந்தது.

அந்தப் பெண் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிறவளாம். என்னைத் திரும்பிப் பார்த்து, "அக்கா, நீங்க இன்னும் வேலைக்குப் போறீங்களா?" என்று கேட்டாள்.

"போறேன்" என்றேன்.

"எனக்கு விட்டுப்போச்சுக்கா" என்றாள். என் கோணல் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ஓரத்து இருட்டிலிருந்து நான் பார்த்த பார்வை அது.

வீட்டுக்கு வந்து, விளக்கு வைக்கிற நேரத்தில், கண்ணேறு கழிய உப்பும் மிளகாயும் எடுத்து என் கைக்குச் சுற்றிப் போடும்படி புருஷனிடம் சொன்னேன். கண் பட்டிருந்தால் மிளகாய் கருகினாலும் நெடி வராது என்பார்கள்.

"இந்தக் கைக்கா?" என்று சிரித்தார்.

"இந்தக் கைக்குத்தேன். நல்லாச் சுத்துங்க."

சுற்றி அடுப்பில் போட்டார். அத்தனை மிளகாய் கருகியும் ஒரு தும்மல் வரவில்லை, நெடியே இல்லை. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என் கையைப் பார்த்தார்.