கைப்பிடிக்கு எண்ணெய்

ஆக்லாந்தின் லின்ஃபீல்ட் பகுதியில், எங்கள் வீட்டு கராஜில் மகள் தன் கிரிக்கெட் மட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். வாசம் மூக்கில் ஏறியதும் எனக்குப் பத்து வயதாகிவிட்டது. இடுப்பு மட்டும் ஒத்துழைக்கவில்லை.

என் அத்தை, பெண்கள் கிரிக்கெட்டை யாரும் சட்டைசெய்யாத காலத்தில் இந்தியாவுக்காக மூன்று ஆட்டம் ஆடிய ஆல்ரவுண்டர். முன்பதிவில்லாத ரயில் பெட்டியில் மட்டையைக் கட்டிப்பிடித்துத் தூங்கியபடி ஊர் ஊராகப் போய் ஆடியவள். எனக்குப் பத்து வயதான அந்த நாளில், சென்னையில், நியூசிலாந்து போகும் அணிக்குத் தேர்வு ஆட்டம்.

"இதுதான்டி கடைசி. இதை விட்டா உங்க தாத்தா என்னைக் கட்டிக் குடுத்துருவாரு," என்று காலையிலிருந்து சுவரில் பந்தை எறிந்துகொண்டே இருந்தாள்.

நானும் உதவினேன். அவள் குளிக்கப் போனபோது, வெள்ளிக்கிழமை எனக்கு அம்மா செய்வதுபோல, மட்டையின் உச்சந்தலையில், அதாவது கைப்பிடியில், அவள் மட்டைக்குத் தடவும் அதே எண்ணெயை ஊறத் தேய்த்தேன்.

மைதானத்தில் அவள் துடைக்கத் துடைக்க வழுக்கியது. முதல் பந்திலேயே மட்டை அம்பயர் காலடிக்குப் பறந்தது, ஸ்டம்பும் விழுந்தது. பிறகு, ஒரு பந்தைப் பாய்ந்து தடுத்ததில் முட்டியில் ரத்தம் வழிய, வெறிபிடித்தவள்போலப் பந்து வீசி நான்கு விக்கெட் எடுத்தாள். "பேட்டிங் போச்சேம்மா," என்றார் தேர்வாளர்.

பஸ்ஸில், "அத்தை, நான்தான்..." என்று அழுதேன்.

"தெரியும்டி. இவ்ளோ பளபளப்பா யாரும் டக் அவுட் ஆனதில்ல," என்றவள், வீடு வரை ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பவே இல்லை.

"மம், ஹேண்டில் டூ?" என்றாள் கராஜில் மகள், எண்ணெய்த் துணியைக் கைப்பிடிப் பக்கம் கொண்டுபோய். நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

அத்தை இல்லாமல் போன அந்த அணி ஆடியது இதே ஆக்லாந்தில்தான். அத்தைக்குப் பதிலாக வந்து சேர்ந்தது நான்.