தாராவுக்கு இட்ட உப்பு

சூரை, பாரை, திருக்கை, எதை வேண்டுமானாலும் என் முன்னால் போடுங்கள். ஊர்க்கதை பேசிக்கொண்டே வெட்டித் தருவேன். மன்னார்த் தீவில் மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்தவளுக்கு அது ஒரு வேலையே இல்லை. ஆனால் கோழி, ஆடு என்றால் கிட்டப் போகமாட்டேன். யாராவது துண்டு துண்டாக வெட்டித் தந்தால்தான் சமைப்பேன். அப்படிப்பட்ட என் வீட்டு முற்றத்தில், தவக்காலம் தொடங்கி இரண்டாம் கிழமை, உயிரோடு ஒரு தாரா, கொழுத்த வாத்து, கால் கட்டப்பட்டுக் கிடந்தது.

அனுப்பியவர் என் கணவரின் அண்ணன். பெருநிலத்தில், திருக்கேதீஸ்வரத்துக்கு அப்பால் வயல் செய்கிறவர். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் என்னைக் கட்டுவதற்காக என் கணவர் ஞானஸ்நானம் பெற்று வேதத்தில் சேர்ந்தார். அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் ஒருவரும் எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை. என் மாமி, அவர்களின் தாய், இறந்ததைச் சொல்ல அண்ணன் ஒரு தடவை வந்தார். உச்சி வெயிலில் மோட்டார் சைக்கிளில் வந்தவர், படலைக்கு வெளியிலேயே நின்றார். நான் செம்பை நீட்டினேன்.

"வேண்டாம், இப்பதான் குடிச்சனான்" என்றார். உதடு வெடித்திருந்தது. அந்த உதட்டை நான் மறக்கவில்லை. உண்மையைச் சொன்னால், மன்னிக்கவும் இல்லை.

இப்போது அவரே தொலைபேசியில் கணவரிடம் சொல்லியிருக்கிறார்: "அறுவடை முடிஞ்சுது, சிவராத்திரி விரதமும் முடிஞ்சுது. ஒரு தாரா அனுப்புறன். அவவின்ர கையால உப்புப் போட்டுக் காயவைக்கச் சொல்லு. பத்து நாளில சாப்பிட வாறன்."

வயலில் சிந்திய நெல்லைத் தின்று கொழுத்த தாராவை உப்பிட்டுக் காயவைத்து, வேண்டியவர்கள் வரும்போது கறியாக்குவது அவர்கள் வீட்டு வழக்கமாம். என் கணவருக்கு அதன் ருசி தெரியும், பக்குவம் தெரியாது. ஆண்பிள்ளைகளை மாமி அடுப்படிக்குள் விட்டதில்லை.

"அறுத்து, இறகு பிடுங்கித் தாறன். மிச்சம் நீர்தான் செய்ய வேணும்" என்றார். அவர் முகத்தைப் பார்த்த பிறகு மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வயிற்றைக் கீறிக் கையை உள்ளே விட்டேன். இன்னும் சூடு இருந்தது. காய்ச்சல்காரப் பிள்ளையின் அக்குளில் கை வைத்ததுபோல் இருந்தது. கிணற்றடிக்கு ஓடிச் சத்தி எடுத்தேன். திரும்பி வந்து மறுபடியும் கையை விட்டேன். கணவர் சிரிக்கவில்லை. "வாலடியில ஒரு எண்ணெய்க் கட்டி இருக்கும். அதையும் வெட்டி எறியும், விட்டால் நாறும்" என்று மட்டும் சொன்னார்.

இரைப்பையைப் பிளந்தபோது உள்ளே நெல்மணிகள் கிடந்தன. கணவர் அவற்றைக் கழுவி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "எங்கட வயல் நெல்லு" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதோடு என் அருவருப்பு போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன்.

சீலா மீனைப் பிளப்பதுபோல் முதுகைப் பிளந்து விரித்தேன். கல்லுப்பும் மஞ்சளும் சேர்த்து உள்ளும் புறமும் தேய்த்தேன். என் கைக்குத் தெரிந்த அளவு ஒன்றுதான், கருவாட்டு அளவு. இரண்டு நாள் பானையில் கல் ஏற்றி வைத்து, பிறகு காகம் கொத்தாமல் பழைய வலையால் மூடி, வெயிலில் காயவைத்தேன்.

அவர் வருகிற நாள் காலையில் கருவாட்டைப் போலவே சுடுநீரில் ஒரு தடவை அலசி, தேங்காய்ப்பால் விட்டுக் கறி வைத்தேன். வாசம் நன்றாகத்தான் இருந்தது. வாசத்தில் உப்புத் தெரியாது. எங்கள் வீட்டில் சாம்பல் புதனிலிருந்து உயிர்த்த ஞாயிறு வரை யாரும் இறைச்சியை வாயில் வைப்பதில்லை.

"ஒரு சொட்டு நாக்கில வைச்சுப் பாத்துத் துப்பினால் பாவமே? நீர் மாட்டீரெண்டால் நான் பாக்கிறன்" என்றார் கணவர்.

"நீங்களும் தொடக்கூடாது" என்று சீறினேன். அது பக்தி இல்லை. எனக்குத் தாரா அருவருப்பு; தவக்காலம் நல்ல சாட்டாக வந்து வாய்த்தது. அவரைத் தடுத்தது வெறும் பிடிவாதம். அண்ணனுக்காக அவர் விரதத்தை விட்டால், நான் தோற்றதாகிவிடும் என்று பட்டது.

மத்தியானம் அண்ணன் வந்தார். படலையில் ஒரு நொடி நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து கதிரையில் இருந்தார். கணவருக்கு மீன் குழம்பு, அவருக்குத் தாராக்கறி. முதல் துண்டை வாயில் வைத்ததும் அவர் தாடை நின்றுபோனது. கண் கலங்கியது. சோற்றை அள்ளி அள்ளி அதோடு பிசைந்தார். உப்புக் கூடிவிட்டது என்று எனக்கு விளங்கியது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நான் இட்ட உப்பை அந்த மனிதர் செத்தாலும் மறக்கமாட்டார்.

"அண்ணை, கறியை விடுங்கோ, மீன் இருக்கு" என்றார் கணவர்.

அவர் விடவில்லை. குனிந்த தலை நிமிராமல், சோற்றுக் கோப்பையில் போட்ட அத்தனை துண்டையும் தின்று முடித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, தண்ணி தாரும்."

அதே செம்பில்தான் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு மறுபடியும் நீட்டினார். மூன்றாம் முறை ஊற்றும்போது செம்பு நிறைந்து, தண்ணீர் அவர் விரல்களில் வழிந்தது. அவர் கையை எடுக்கவில்லை.