கல்லாவில் ஒட்டிய வருடம்

எங்கள் தெருவில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும், சிகரெட் விற்பனையைச் சோதிக்கும் ஆய்வாளரம்மா முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். கடைக்காரரின் படபடப்பு அடங்க அவர் தரும் அவகாசம் அது என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் புரிந்தது.

ஒருநாள் என் பெட்டிக்கடைக்குச் சோதிப்பதற்காக அவர் அனுப்பிய நெட்டைப் பெண்ணுக்கு நான் சிகரெட் விற்றுவிட்டேன். அவளுக்குப் பதினாறு வயதுதான்; பதினெட்டு ஆகாதவர்களுக்கு விற்கக் கூடாது. இன்னொரு தடவை தவறினால் உரிமம் ரத்தாகிவிடும்.

"அடையாள அட்டையப் பார்த்தும் எப்படிம்மா குடுத்தே?"

"பொறந்த வருஷத்தக் கழிக்கத் தெரியலைங்க. ஆறாவதோட நின்னுட்டேன்."

"எனக்குக் கழிக்க நல்லாவே வரும். என் வயசுல அஞ்சு கழிச்சுத்தான் சொல்லுவேன்" என்றார்.

பிறகு அட்டைப்பெட்டித் துண்டில் ஒரு வருடத்தைப் பெரிதாக எழுதிக் கல்லாவில் ஒட்டினார். "இந்த வருஷமோ அதுக்கப்புறமோ பொறந்திருந்தா இல்லைன்னுடு. கணக்கே வேண்டாம்."

அடுத்த மாதம் தாடிக்காரன் ஒருவன் வந்து சிகரெட் கேட்டான். அவன் அட்டையையும் என் துண்டையும் பார்த்தேன். "தம்பி, மிட்டாய் வேணா தரேன்" என்றேன். வாசலில் ஆய்வாளரம்மா கண்ணாடியைத் துடைக்காமலே சிரித்தார்.

அவர் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். ஆண்டு பிறந்ததும் நானே எண்ணை மாற்றி எழுதுகிறேன். உரிமம் இன்னும் என் பெயரில்தான் இருக்கிறது.