லாப்ரடோரில் என் வீட்டுக்காரர் பெயர்

இந்த ஊரில் ஓர் ஆள் தூங்குகிறார் என்று சொல்வதற்குக்கூட முதலில் தலையை எண்ணியாக வேண்டும். தூங்குகிறவர் ஒருவர் என்றால் ‘சினித்துக்’. இருவர் என்றால் வாலை நீட்டி ‘சினித்தூக்’. மூன்று பேரும் அதற்கு மேலும் என்றால் ‘சினித்துத்’. நடப்பது, தின்பது, இருமுவது எல்லாவற்றுக்கும் இப்படி மூன்று வால்கள் உண்டு. காலையில் பனிக்கட்டியை வெட்டி வந்து, உருக்கித் தண்ணீராக்கி, அடுப்பை மூட்டி நிமிர்வதற்குள் எனக்கு முதுகு விட்டுப்போகிறது. அதற்குமேல் வாசலில் வந்து நிற்கிற அக்கம்பக்கத்தாருக்குப் பதில் சொல்ல வாலைத் தேடவும் வேண்டும். வந்து பல வருஷமாகியும் நடுவாலில் என் நாக்கு தடுக்கத்தான் செய்கிறது. ஒருமை, பன்மை என்று இரண்டோடு நிறுத்திக்கொண்ட நம் முன்னோர்களுக்குக் கோடிப் புண்ணியம் சேரட்டும்.

நான் சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த வீட்டில் பிறந்து வில்லாபுரத்தில் வாக்கப்பட்டவள். என் வீட்டுக்காரர் மதுரையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தார். அங்கிருந்த டாக்டர் துரையை அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கம், லாப்ரடோர் கரைக்கு மாற்றியபோது, பழகிய கையை விட மனமில்லாமல் இவரையும் கூட்டிக்கொண்டார். உலகம் எஸ்கிமோ என்று சொல்லும் மக்கள் இங்கே இருக்கிறார்கள். தங்களை அவர்கள் சொல்லிக்கொள்வது இனுயிட் என்று. ஊரில் கேட்டவர்களிடமெல்லாம் சீமைக்குப் போகிறோம் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தோம். சீமை வேறு, இது வேறு என்பது கப்பலில்தான் தெரிந்தது.

முதல் குளிர்காலத்தில் பக்கத்து வீட்டு லீயா வந்து, “உன் புருஷன் எங்கே?” என்று கேட்டாள். அவள் சொல்வதை என் காது மதுரைப் பேச்சாகத்தான் வாங்கிக்கொள்ளும்; இனி அப்படியே எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில் இராமுழுக்க விழித்துவிட்டு இவர் தூங்கிக்கொண்டிருந்தார். புருஷனைப் போய் ஒருமையில் சொல்வதா? ‘அவுக தூங்குறாக’ என்று வாயில் வந்ததை அவர்கள் வாலில் மாட்டி, ‘சினித்துத்’ என்றேன். லீயா உள்ளே எட்டிப் பார்த்தாள், என்னை ஒரு மாதிரி பார்த்தாள், போய்விட்டாள். சற்று நேரத்தில் அவளும் அவள் புருஷன் அமோஸும் காய்ந்த மீனைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். யார் வீட்டில் எத்தனை வாய் இருக்கிறதோ அதற்குத் தக்கபடி மீனையும் சீல் என்கிற கடல்நாய் இறைச்சியையும் பகிர்வது இவர்கள் வழக்கம். இவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வந்தார்.

“இம்புட்டு மீனு யாருக்குடி?”

“உங்களுக்குத்தான். நீங்க நாலஞ்சு பேராம்ல.”

இவர் சிரித்த சிரிப்பில் லீயாவும் விஷயம் புரியாமலே சிரித்தாள். அந்த மீனைத் தின்று தீர்ப்பதற்குள் எனக்குப் புளியின் நினைவு வந்து அழுகையே வந்துவிட்டது.

மதுரைப் பக்கத்துச் சகோதரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாம் புருஷன் பெயரைச் சொல்லி அறியாதவர்கள். அதிலும் என் பாடு பெரும்பாடு. இவருக்கு வைத்திருந்தது சாமி பெயர். சித்திரை மாசம் வைகைக் கரையில் ஜனம் முழுக்க அந்தப் பெயரைத் தொண்டை கிழியக் கூவும். நான் ஒருத்திதான் உதட்டை இறுக்கிக்கொண்டு கும்பிட்டு நிற்பேன். ஒருமுறை எனக்குக் காய்ச்சலென்று வேறோர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, சீட்டு எழுதுகிறவர் புருஷன் பெயரைக் கேட்டார். “ஆத்துல இறங்குறவுக” என்றேன். அவர் விழிப்பதற்குள் பின்னால் நின்ற வண்டியூர் அக்கா ஒருத்தி பெயரை எடுத்துச் சொல்லி, “இதுகூடத் தெரியலையாண்ணே, நீங்க எந்த ஊரு?” என்று அவரையே மடக்கினாள். ஊர்தான் என் வாயைக் கட்டியது. எனக்காகச் சொல்வதற்கும் ஊரே நின்றது. அதனால் அது எனக்கு ஒரு குறையாகவே தெரிந்ததில்லை.

இங்கே வந்தபின் நான் மெல்ல மெல்லப் பழகியது அந்த நடுவாலுக்குத்தான். நாங்கள் சேர்ந்து கடற்கரைப் பக்கம் போனால் “ரெண்டு பேரு போறாங்க” என்பதை ஒரே சொல்லில் நீட்டிச் சொல்வார்கள். முதலில் எனக்கு வெட்கமாக இருந்தது. வில்லாபுரத்தில் இவர் முன்னே போவார், நான் பத்தடி தள்ளிப் போவேன். எங்களைச் சேர்த்துச் சொல்ல அங்கே யாருக்கும் அவசியம் வந்ததில்லை. பிறகு அந்த நீட்டல் எனக்குப் பிடித்துப்போனது. நாலாவது குளிர்காலத்தில் இவருக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஊருக்கெல்லாம் மருந்து கலக்கிக் கொடுத்தவருக்கு எந்த மருந்தும் கேட்கவில்லை. பனியில் இறுகிய மண் இளகும்வரை காத்திருந்து அடக்கம் செய்தோம். தாலியை வாங்க இங்கே ஆளில்லை; நானே கழற்றித் தகரப்பெட்டியில் வைத்தேன். அடக்கம் முடிந்த மறுவாரம் லீயா வாசலில் நின்று, பழக்கதோஷத்தில், “சாப்பிட்டீங்களா ரெண்டு பேரும்?” என்று நீட்டிவிட்டாள். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, அதையே குறுக்கிக் கேட்டாள். அழுகை எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். அந்தக் குறுக்கலில் மறுபடியும் உடைந்துபோனேன்.

அடுத்த வசந்தத்தில் லீயாவுக்குப் பெண் பிறந்தது. பிறந்த நாளிலிருந்து பால் குடிக்காமல் அழுதது. புதிதாக வந்த டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு உடம்புக்கு ஒன்றுமில்லை என்றார். லீயாவோ வேறு காரணம் சொன்னாள். இறந்தவர் பெயர் பிறக்கிற குழந்தைக்கு வந்து சேரும், அது ஆணா பெண்ணா என்பது கணக்கில்லை, தன் பெயர் கிடைக்காத பிள்ளை அழும் என்பது இவர்கள் நம்பிக்கை. வேதக்கோயிலில் பாதிரியார் வைக்கிற பெயர் வேறு, இந்தப் பெயர் வேறு. தங்கள் பக்கத்துப் பெயர்களையெல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்துவிட்டாள்.

“உன் புருஷன் பேரைக் கேட்டுத்தான் அழுவுது போல. பேரச் சொல்லு.”

“ஆஸ்பத்திரியில எல்லாரும் ‘சாமி’ன்னு கூப்பிட்டாங்களே.”

“அது துரை கூப்பிட்டது. அவங்க அம்மா வச்ச பேரு என்ன?”

பழையபடியே, “ஆத்துல இறங்குறவுக” என்றேன். லீயா குழம்பிப்போனாள். “மலையிலருந்து வாரவுக. குதிரை மேல வாரவுக” என்றேன். இங்கே ஆறு அப்போது உறைந்து கிடந்தது. குதிரையை இவர்கள் படத்தில் பார்த்திருந்தால் உண்டு. பின்னால் நின்று எடுத்துச் சொல்ல எந்த வண்டியூர் அக்காவும் இல்லை. பழைய டாக்டர் துரையும் ஊர்திரும்பிவிட்டார். இந்தக் கரையில் அந்தப் பெயரைத் தெரிந்த ஒரே ஜீவன் நான்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. நான் வாயைத் திறக்காவிட்டால் இங்கே அது என்னோடு போய்விடும். பிள்ளை வேறு நீலம் பாரித்து அழுதுகொண்டிருந்தது.

“எங்க ஊருல பொம்பளைக அதைச் சொல்லக் கூடாது லீயா. சொன்னா அவுகளுக்கு ஆகாது.”

“அவருதான் செத்துட்டாரே. இனிமே அவருக்கு என்ன ஆகணும்?” என்றாள். வன்மம் இல்லாமல், ரொம்பச் சாதாரணமாகக் கேட்டாள்.

பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டேன். அதன் காதருகே குனிந்து, கல்யாணமாகி முதல்முறையாக, “அழகர்” என்றேன். என் குரலே எனக்கு யாருடையதோ போலக் கேட்டது. லீயா “அலகா, அலகா” என்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ழகரம் வரவில்லை, மதுரையிலேயே பாதிப் பேருக்கு வராது, இவளை என்ன சொல்ல? பிள்ளை உடனே வாய்மூடியது என்று கதை கட்ட மாட்டேன். இன்னும் கொஞ்சம் அழுதுவிட்டுத்தான் பால் குடித்தது.

அன்றிலிருந்து முறை மாறிப்போனது. பெயர் யாருடையதோ, உறவும் அவருடையதே. இப்போது தத்தித் தத்தி நடக்கிற அந்தப் பெண் என்னைப் பார்த்தால் ‘நுலியாகா’ என்று கூப்பிடுகிறாள். என் பெண்டாட்டியே என்று அர்த்தம். நானும் லேசுப்பட்டவளா? “வாங்க, சாப்பிடுறீகளா? மூக்கைச் சிந்துங்க” என்று மரியாதையாகத்தான் பேசுகிறேன். மூக்கு ஒழுகுகிற ஒரு வாண்டுக்கு இம்புட்டு மரியாதையா என்று வில்லாபுரத்தில் கேட்டால் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். பெயரை மட்டும் மறுபடி நான் சொல்லவில்லை. ஒருமுறை சொன்னதே போதும் என்றிருந்தேன்.

உலகச் சண்டை நடக்கிற காலமாதலால் கப்பல் எப்போதாவதுதான் வருகிறது. ஊருக்கு வந்துவிடும்படி கொழுந்தனார் சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்தார். எனக்கும் அலுத்துவிட்டது. குளிரும், மீனும், மூன்று வால்களும் போதும் என்றாகிவிட்டது. இந்தக் கோடையில் கப்பல் வந்தபோது தகரப்பெட்டியைக் கட்டிக் கரைக்குக் கொண்டுபோனேன். கப்பல் தூரத்தில் நின்றது. ஆளேற்றப் படகு வந்தது. கரையெல்லாம் ஜனம், ஒரே கூச்சல். லீயா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் பிள்ளையை யாரும் கவனிக்கவில்லை. நான் திரும்பிப் பார்க்கையில், சீல்தோல் செருப்போடு அது தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தது. பனிக்கட்டி மிதக்கிற தண்ணீர்; அலை அதன் இடுப்பைத் தொட்டுவிட்டது.

“அழகரே! இறங்காதீக! அழகரே!”

அத்தனை ஜனமும் வாயடைத்துத் திரும்பிப் பார்த்தது. நான் ஒருத்திதான் கூவிக்கொண்டிருந்தேன். புடவையோடு ஓடித் தண்ணீரில் விழுந்து வாரியெடுத்தேன். அது நடுங்கிக்கொண்டே என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, ‘நுலியாகா’ என்றது. நனைந்த பிள்ளையை மாரோடு அணைத்துக்கொண்டு என் வீட்டுக்கே நடந்தேன். படகு கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. அமோஸ் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான்.

இதை எழுதும்போது அந்தச் சின்னச் செருப்பு அடுப்பருகே காய்கிறது. பெட்டி கட்டியது கட்டியபடி வாசலோரம் இருக்கிறது. அடுத்த கப்பலில் வாரேன் என்று வில்லாபுரத்துக்குச் சொல்லி அனுப்பப் போகிறேன். போறேன் என்று இங்கே யாரிடமும் இனிச் சொல்வதாயில்லை.