காப்புக் கட்டியவர் போட்ட இரண்டு ராஜா

அப்பாவும் மாமாவும் பேச்சை நிறுத்திக்கொண்டதற்கு என் காதுகள்தான் காரணம். குலதெய்வம் கோயிலில் எனக்குக் காது குத்திய அன்று, என்னை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் வந்து சேரவில்லை. அம்மாவின் தம்பியான அவர் புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் வேலை பார்த்தார். லாரிக்கு லோடு ஏற்றிவிட்டுத்தான் போக வேண்டும் என்று அன்று பிடித்துவைத்துக்கொண்டார்களாம். நல்ல நேரம் முடியப்போகிறது என்று அப்பா தன் பங்காளி ஒருவரின் மடியில் என்னைத் தூக்கி உட்காரவைத்துக் குத்தச் சொல்லிவிட்டார். சீர்த்தட்டோடு மாமா ஓடிவந்தபோது நான் காதில் மஞ்சளும் கையில் வாழைப்பழமுமாக இருந்தேன். அவர் தட்டைக் கீழே வைத்தார், சாப்பிடாமல் திரும்பிப் போனார். தாய்மாமன் நேரத்துக்கு வராதது தப்பா, அவருக்காகக் காத்திருக்காதது தப்பா என்று சொந்தபந்தம் முழுக்க இரண்டாகப் பிரிந்து பேசியது. காதுக்குச் சொந்தக்காரனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதற்காக மாமா வீட்டுக்கு வராமல் இருக்கவில்லை. அக்காவைப் பார்க்க வருவார். அப்பாவிடம் சொல்ல வேண்டியதை மட்டும் என்னிடம் சொல்வார்.

"மழை பேஞ்சா அங்குட்டு வரப்பு ஒடைஞ்சிரும்னு ஒங்கப்பாகிட்டச் சொல்லுடா" என்பார், அப்பா அதே பாயில் உட்கார்ந்திருக்கும்போது.

"ஒடையாதுன்னு ஒங்க மாமாகிட்டச் சொல்லு" என்பார் அப்பா.

நான் வாயைத் திறக்கக்கூட வேண்டாம். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினால் சொன்னதாகிவிடும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப்பட்ட முதல் ஆள் நான். படித்தவன் என்பதால்தான் இந்த வேலையை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள் என்று மனதுக்குள் பெருமைதான்.

பங்குனியில் எங்கள் ஊர் மாரியம்மனுக்குப் பூக்குழி, அதாவது தீமிதி. அந்த வருஷம் இறங்குவதாக நேர்ந்துகொண்டு மாமா கையில் காப்புக் கட்டியிருந்தார். மஞ்சள் கயிறு மணிக்கட்டில் ஏறிவிட்டால் கவிச்சி கிடையாது, செருப்பு கிடையாது, பொய் சொல்லக் கூடாது. இவற்றோடு எங்கள் ஊரில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. யாரோடும் வருத்தம் வைத்துக்கொண்டு பூ இறங்கக் கூடாது. முன்னதாகப் போய்ப் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். வெள்ளிக்கிழமை பூக்குழி, அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வரை இரண்டு பேரும் அசையவில்லை. தாமதமாக வந்தவர்தான் முதலில் பேச வேண்டும் என்று அப்பா இருந்தார். காத்திருக்காதவர்தான் பேச வேண்டும் என்று மாமா இருந்தார். வருத்தத்தோடு இறங்கி யார் யாருக்கெல்லாம் கால் வெந்துபோனது என்று அம்மாவும் மாமாவின் மனைவியான அத்தையும் அடுப்படியில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு உள்ளங்கால் கூசியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கரண்ட் போயிருந்தது. டிவியும் இல்லை, ஃபேனும் இல்லை. அம்மா அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து சீட்டுக்கட்டை எடுத்துவந்து பாயில் போட்டாள். காசு வைத்து ஆடுவது அப்பாவுக்கு ஆகாது. எங்கள் வீட்டில் ஆடியது பொய்ச்சீட்டு மட்டும்தான். ஒருவர் சீட்டைக் கவிழ்த்துப் போட்டு "ரெண்டு ராணி" என்பார். உள்ளே இருப்பது ராணியாகவும் இருக்கலாம், அஞ்சாகவும் இருக்கலாம். பொய் என்று சந்தேகப்பட்டால் பிடிக்கலாம். பிடிபட்டால் போட்டவர் குவியல் முழுவதையும் அள்ள வேண்டும். உண்மையாக இருந்துவிட்டால் பிடித்தவர் அள்ள வேண்டும். அடுத்தவரும் ராணி என்று சொல்லித்தான் போட வேண்டும், இல்லையென்றால் பாஸ். யார் கை முதலில் காலியாகிறதோ அவர் ஜெயித்தார்.

"இன்னைக்கு ஒரு சட்டம்" என்றாள் அம்மா. "அடுத்தாப்புல இருக்கவுக மட்டுந்தான் பிடிக்கணும். போட்டவுக மொகத்தப் பாத்து நெசம்னோ பொய்யின்னோ வாயத் தொறந்து சொல்லணும்."

"இது எப்பருந்து மதினி?" என்றாள் அத்தை.

"இப்பருந்துதான்."

அம்மா, அவளுக்கு அடுத்து மாமா, மாமாவுக்கு அடுத்து அப்பா, பிறகு நான், அத்தை என்று அவளே இடம் பிரித்து உட்காரவைத்தாள். மாமா மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார்.

"காப்புக் கையோட பொய்ச்சீட்டா? நான் வரலக்கா."

"ஒன்னய யாரு பொய் சொல்லச் சொன்னா? நெசத்தையே சொல்லி ஆடு."

மாமா அப்படியே ஆடினார். இருந்தால் போட்டார், இல்லையென்றால் பாஸ் என்றார். அத்தையோ கூசாமல் புளுகினாள். "அஞ்சாவது ஆஸ் எந்தக் கடையில வாங்குன?" என்று அம்மா அவளை அள்ளவைத்தாள். அப்பா பொய் சொல்லும்போது மட்டும் குரலைச் செருமிக்கொள்வார். நான் ஒவ்வொரு தடவையும் பிடித்தேன், அவர் கையில் சீட்டு விசிறி மாதிரி விரிந்துகொண்டே போனது. மாமா போடும்போதெல்லாம் அப்பா என் பக்கம் திரும்பி, "நெசம்னு சொல்லுடா" என்றார்.

"அவன் மொகம் இங்குட்டா இருக்கு?" என்றாள் அம்மா. "பிள்ளை என்ன ஃபோனா, அதுவழியாவே பேசுறதுக்கு?"

அப்பா சுவரைப் பார்த்து "நெசம்" என்றார். சுவர் ஏற்றுக்கொண்டது.

பொய் சொல்லாதவரை யாரும் பிடிக்கவில்லை, அதனால் அவர் எதையும் அள்ளவேண்டி வரவில்லை. எல்லோருக்கும் முன்னால் மாமா கையில் இரண்டே சீட்டு மிஞ்சியது. குவியலோ நன்றாக உயர்ந்திருந்தது. அம்மா ஒரு சீட்டைக் கவிழ்த்து "ஒரு ராஜா" என்றாள். மாமா அவளைப் பார்த்து "நெசம்" என்றார். அடுத்து அவர் பாஸ் என்றிருந்தால் போதும். அன்று அப்படித்தானே சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் கையிலிருந்த இரண்டையும் மெதுவாகக் குவியல்மேல் வைத்தார். நிமிர்ந்து அப்பாவை நேராகப் பார்த்தார்.

"ரெண்டு ராஜா."

அத்தையின் கைவிசிறி நின்றது. அப்பா தன் சீட்டுகளை விரித்துப் பார்த்தார், மூடினார், மறுபடி விரித்தார். என் பக்கம் திரும்புவார் என்று நான் தயாராக இருந்தேன். திரும்பவில்லை. சுவரையும் பார்க்கவில்லை.

"நெசந்தான் மாப்ள" என்றார்.

எப்போதோ வடித்து இறக்கிவிட்ட சோறு பொங்குகிறதா என்று பார்க்க அம்மா அவசரமாக எழுந்து போனாள். மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

"நீங்க பிடிப்பீகன்னு நெனச்சேன் மச்சான்."

"காப்புக் கட்டுன ஆளப் பாத்துப் பொய்யிங்கிறதா? எந்திரி, சாப்புடுவோம்."

"அன்னைக்கு அந்த லோடு…"

"லோடு ஏத்துனா நேரமாகத்தான் செய்யும். நானும் செத்தப் பொறுத்திருக்கலாம். வா."

இரண்டு பேரும் ஒரே வாளித் தண்ணீரில் கை கழுவினார்கள். நான் சீட்டுகளைச் சேர்க்க உட்கார்ந்தேன். குவியலின் மேலே மாமா போட்ட இரண்டையும் புரட்டினேன். ஒன்று நாலு, இன்னொன்று ஒன்பது. அப்பா வைத்துவிட்டுப் போன சீட்டுகளைப் புரட்டினேன். அதில் மூன்று ராஜா இருந்தார்கள். நாலாவது என் கையில். அம்மா பொய் சொன்னதைப் பற்றிக் கவலையில்லை, அவள் பூ இறங்கப்போவதில்லை. மாமா காப்புக் கையோடு பொய் சொல்லியிருக்கிறார்!

அடுப்படிக்கு ஓடினேன். "மாமா போட்டது ராஜா இல்லம்மா. நாலும் ஒம்பதும்."

"ராஜாதாண்டா அது. ஒங்கப்பாவே சொல்லிட்டாக" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பளம் பொரித்தாள்.

அப்பாவின் காதில் போய்ச் சொன்னேன். "ஒங்க கையிலயே மூணு ராஜா இருந்துச்சேப்பா. ஏன் பிடிக்கல?"

"கண்ணாடி போடாம ஆடுனேனா, தெரியலடா" என்றார். அப்பாவுக்குக் கண்ணாடியே கிடையாது.

நாலையும் ஒன்பதையும் ராஜா என்று சாதிக்கும் வீட்டில், எண்ணத் தெரிந்தவன் நான் ஒருவன் மட்டும் மாட்டிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை வரை சரியாகச் சாப்பிடவில்லை. பேசித் தீர்த்தாகிவிட்டது என்று பெரியவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். தீர்த்ததே ஒரு பொய்யால்தான் என்பது எனக்கல்லவா தெரியும்.

பூக்குழி அன்று கோயில் முன்னால் கங்கு சிவந்து கிடந்தது. மஞ்சள் வேட்டியில் மாமா வரிசையில் நின்றார். இறங்கி வருபவர்கள் கால் நனைக்கும் பால்குழிக்குப் பக்கத்தில் அப்பா முன்கூட்டியே இடம்பிடித்துக் காத்திருந்தார். குலவைச் சத்தம் கேட்டதும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அப்பா மாமாவை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். ஓரமாக உட்காரவைத்து, தோளில் கிடந்த துண்டால் அவர் பாதங்களைத் துடைத்தார். தன்னைவிட இளையவரின் காலை இப்படித் தொடுகிறாரே என்று யாரோ சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. நான் கூட்டத்தில் நுழைந்து குனிந்து பார்த்தேன். சாம்பல் ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். ஒரு கொப்புளம்கூட இல்லை.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அத்தனை பெரிய பொய்யை அம்மன் எப்படிக் கவனிக்காமல் விட்டாள்? வெகுநேரம் யோசித்து, மாரியம்மனுக்குச் சீட்டாட்டம் தெரியாது என்று முடிவு செய்தேன். நாமாகப் போய்ச் சொல்லிக்கொடுத்துவிடக் கூடாதே என்று, அன்று சன்னதியில் கும்பிடும்போது பரீட்சையைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வந்தேன்.